மார்வின் கே, 'வாட்ஸ் கோயிங் ஆன்' 50ஆம் ஆண்டு இரட்டை எல்பி: எதற்காக வாங்கலாம், வாங்கியதும் எதைச் சோதிக்க வேண்டும்

சோல் எனும் கறுப்பின அமெரிக்க இசையில் ஒரே ஒரு எல்பிதான் (நீண்டநேர வினைல் இசைத்தட்டு) வைத்துக்கொள்ள முடியும் என்றால் பலர் கைவைப்பது இதன் மேல்தான். 1971 மே 21 அன்று அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் துணை லேபிளான டாம்லாவில் வந்த, பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்துக்கு மறுபதிப்புகள் ஏராளம். அதனால்தான் புதிதாக வாங்குபவர் குழம்பிப்போகிறார். 2022இல் வந்த 50ஆம் ஆண்டு இரட்டை எல்பியைப் பற்றியது இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த ஆல்பத்தை வினைலில் முதன்முறையாக வாங்குபவருக்கு இதுவே சரியான பதிப்பு. ஒலி நன்றாக இருப்பது ஒரு காரணம். முதல் பக்கத்தின் ஆறு பாடல்களும் எங்கும் அறுபடாமல் ஓடுவது அதைவிடப் பெரிய காரணம்.

முதல் பக்கத்தில் தலைப்புப் பாடல், 'வாட்ஸ் ஹாப்பனிங் பிரதர்', 'ஃப்ளையின் ஹை', 'சேவ் த சில்ட்ரன்', 'காட் இஸ் லவ்', 'மெர்சி மெர்சி மீ' என ஆறு பாடல்கள். மொத்தம் சுமார் பத்தொன்பதரை நிமிடம். ஒரு பாட்டின் தாளம் அடங்குவதற்குள் அடுத்தது அதிலிருந்தே கிளம்பிவிடும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம்பி ஃபிராங்கியின் நிலையை நினைத்து மார்வின் கே எழுதிய இரண்டாவது பாட்டு, முதல் பாட்டு எழுப்பிய கேள்விக்கு ஒரு முகம் கொடுக்கிறது. அங்கிருந்து போதை, குழந்தைகள், கடவுள், மாசுபட்ட பூமி என்று ஒரே மூச்சில் போகிறது. நடுவில் எழுந்து தட்டைப் புரட்டினால் அந்த மூச்சு நின்றுவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இதே ஆல்பம் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனத்திடமிருந்து நிமிடத்துக்கு 45 சுழற்சியில் இரண்டு தட்டுகளாக, 'ஒன்-ஸ்டெப்' பெட்டியாகவும் வந்திருக்கிறது. வழக்கமான 33⅓ சுழற்சியைவிட 45 சுழற்சியில் ஊசிக்கடியில் நொடிக்கு 35 விழுக்காடு கூடுதல் நீளம் ஓடும். அதனால் உயர் சுரங்கள் தெளியும், தட்டின் மையத்தை ஒட்டிய பாடல்களில் கரகரப்பு குறையும். 'ஒன்-ஸ்டெப்' முறையில் லேக்கருக்கும் (முதலில் பள்ளம் வெட்டப்படும் தட்டு) ஸ்டாம்பருக்கும் (வினைலை அழுத்தும் அச்சு) இடையே வரும் இரண்டு உலோக நகல்கள் தவிர்க்கப்படுவதால் பின்னணி இரைச்சலும் குறையும். இந்த நன்மைகள் எல்லாம் உண்மையானவை. ஆனால் பத்தொன்பதரை நிமிடத்தை 45 சுழற்சியில் ஒரே பக்கத்தில் போதிய சத்தத்தோடு வெட்ட முடியாது. முதல் பக்கம் இரண்டாகப் பிரிந்தே தீரும். ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாக நிற்கும் ஆல்பம் என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம். இந்த ஆல்பத்துக்குக் கொடுக்கத் தேவையில்லை.

33⅓ சுழற்சியில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம் என்பது வெட்டுபவருக்கு வசதியான அளவு. முதல் பக்கம் அந்த எல்லையில் நிற்கிறது. 'ரைட் ஆன்', 'ஹோலி ஹோலி', 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' உள்ள இரண்டாம் பக்கம் சுமார் 16 நிமிடம்தான். ஆகவே பேஸைச் சுருக்காமலும் மொத்தச் சத்தத்தைக் குறைக்காமலும் வெட்ட இடம் இருக்கிறது.

வெட்டியவர் கெவின் கிரே. கலிஃபோர்னியாவில் உள்ள தன் கோஹியரன்ட் ஆடியோ கூடத்தில், 1971ஆம் ஆண்டின் அசல் ஸ்டீரியோ மாஸ்டர் டேப்பிலிருந்து (இறுதி ஒலிக்கலவை பதிந்த நாடா), இடையில் டிஜிட்டல் கட்டம் ஏதும் இல்லாமல் லேக்கரை வெட்டியிருக்கிறார். இந்தப் பதிப்பை இரண்டாம் கையாக வாங்குபவர்கள், தட்டின் நடுவிலுள்ள காகித லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அங்கே கிரேயின் முதலெழுத்துகளும் கோஹியரன்ட்டின் சுருக்கமும் கையால் பொறிக்கப்பட்டிருக்கும். அட்டை ஒன்றும் தட்டு வேறொன்றுமாக மாறிப்போன பிரதிகளை இந்த ஒரு சோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கடையில் வேறு பதிப்புகளைப் பார்க்கும்போது ஒட்டியிருக்கும் வில்லையைக் கவனமாகப் படியுங்கள். 'புதிதாக ரீமாஸ்டர் செய்தது' என்ற வாக்கியத்திலிருந்து எதுவும் தெரியாது. யார் வெட்டினார், எந்த டேப்பிலிருந்து வெட்டினார் என்ற இரண்டும் பெயரோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு. '180 கிராம்' என்பதும் ஒலியைப் பற்றிய தகவல் அல்ல. கனமான தட்டிலும் பள்ளத்தின் ஆழம் அதே அளவுதான். கையில் எடுக்கும்போது உறுதியாக இருக்கும், அவ்வளவே. மற்றபடி தடிமன் கூடுவதால் டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கையின்) கோணம் இம்மியளவு மாறும்.

இனி ஒலி. தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் கூடியிருக்கும் நண்பர்களின் பேச்சொலி, அதன் மேல் ஈலை ஃபோன்டெய்னின் ஆல்டோ சாக்ஸஃபோன். அந்தப் பேச்சில் டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் மெல் ஃபார், லெம் பார்னி ஆகியோரின் குரல்களும் உண்டு. மலிவான பதிப்புகளில் இந்த இடம் ஒரே இரைச்சலாகக் குழம்பிவிடும். இங்கே ஒவ்வொரு குரலும் அறையில் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லலாம். ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். அவர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் விடும் கணநேர இடைவெளி இந்த வெட்டில் தெளிவாகக் கேட்கிறது. கீழ் சுரங்களை ஊதிப் பெரிதாக்கியிருந்தால் அந்த இடைவெளி மூழ்கியிருக்கும். கிரே அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை.

மார்வின் கேயின் குரல் இந்த ஆல்பம் முழுக்க ஒன்றல்ல, இரண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனித்தனியாக எடுத்த இரண்டு பாடல் பதிவுகள் தற்செயலாக ஒன்றாக ஒலித்தபோது அது அவருக்குப் பிடித்துப்போய், அதையே உத்தியாக்கிக்கொண்டார். 'சேவ் த சில்ட்ரன்' பாட்டில் ஒரு குரல் பேச, இன்னொரு குரல் அதே வரியைப் பாடும். இரண்டும் தனித்தனி ஆழத்தில் நிற்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு 'ஸ்' ஒலிகள் சீறினால் குறை தட்டில் இல்லை, பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் (ஊசியைக் கொண்ட சிறு பெட்டி) பொருத்தத்தில்தான். அதைப் பின்னால் பார்க்கலாம்.

டேவிட் வான் டிபிட் அமைத்த தந்திக் குழுவின் உச்ச சுரங்களில் கொஞ்சம் கடினம் இருக்கிறது. பாட்டுகளுக்கிடையே டேப்பின் மெல்லிய சீறலும் கேட்கும். இரண்டும் மூலப் பதிவிலேயே உள்ளவை. அவற்றை வழித்தெடுத்திருந்தால் இசையின் திறந்த உணர்வும் கூடவே போயிருக்கும். புதிய ஜாஸ் பதிவின் பளபளப்பை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இந்த இசைக்கு அந்தப் பளபளப்பு பொருந்தாது.

இரண்டாம் பக்கத்தில் 'ரைட் ஆன்' ஏழரை நிமிடம். புல்லாங்குழலும் தாளக் கருவிகளும் நிதானமாக விரிய இடம் கிடைத்திருக்கிறது. கடைசிப் பாட்டான 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' இந்தத் தட்டின் சிகரம். இங்கே பேஸ் வாசிப்பவர் ஜேமர்சன் அல்ல, பாப் பாபிட். 'மெர்சி மெர்சி மீ'யிலும் அவர்தான். ஜேமர்சன் ஓடிக்கொண்டே இருப்பார், பாபிட் ஒரே உருவத்தை அழுத்தி அழுத்தித் திரும்ப வாசிப்பார். அதன் மேல் பாபி ஹாலின் பாங்கோஸ். இரண்டின் எல்லைகளும் ஒன்றோடொன்று கரையாமல் கேட்டால் உங்கள் ஊசி நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

இரண்டாவது தட்டைக் கூடுதல் சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று சிங்கிள்களின் (தனியாக வெளியான சிறு தட்டுகள்) இரு பக்கங்களுமாக ஆறு அசல் மோனோ (ஒற்றைச் சேனல்) வடிவங்கள் இதில் உள்ளன. கூடவே சில அரிய பதிவுகளும். மோடவுன் தன் சிங்கிள்களைக் கார் வானொலியில் கேட்பவரை மனதில் வைத்தே கலந்தது. அதனால் மோனோவில் தலைப்புப் பாட்டு இறுகி, குரலும் தாளமும் முன்னால் வந்து நிற்கிறது. ஆல்பத்தில் ஒரு நிமிடம் 41 நொடியில் கடந்துபோகும் 'காட் இஸ் லவ்' இங்கே தனிப் பாட்டாகத் தொடங்கித் தனிப் பாட்டாக முடிகிறது. 'ஃப்ளையின் ஹை'யின் முந்தைய உருவமான 'சாட் டுமாரோஸ்' கேட்டால் அந்தப் பாட்டு எங்கிருந்து கிளம்பியது என்பது புரியும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் இந்த ஆறு பாட்டுகளுக்கும் அதை அழுத்திவிடுங்கள். பள்ளத்தின் செங்குத்து அசைவில் வரும் இரைச்சல் இரண்டு சேனல்களிலும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறைந்துவிடும்.

வாங்கிய அன்றே தட்டைச் சோதித்துவிடுங்கள், மாற்றித் தரும் காலக்கெடு தாண்டிவிட்டால் பயனில்லை. எந்த ஆலையில் அழுத்திய தட்டானாலும் வரக்கூடிய குறைகள் மூன்று.

முதலாவது, வினைல் பள்ளத்தை முழுதாக நிரப்பாமல் போவது. அழுத்தும்போது வெப்பமோ நேரமோ போதாவிட்டால் இப்படி ஆகும். துணி கிழிவதுபோல் ஒரு சேனலில் மட்டும் சரசரப்பு, தட்டு சுற்றும் ஒவ்வொரு முறையும் திரும்ப வரும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடம் மங்கலாக, தையல் போட்டதுபோல் தெரியும். கழுவினால் போகாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, நடுத்துளை மையம் விலகியிருப்பது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.2 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் விலகினால்கூட, லேபிளுக்கு அருகே 60 மில்லிமீட்டர் ஆரத்தில் சுருதி 0.8 விழுக்காடு ஏறி இறங்கும். தாளம் வேகமாக ஓடும் பாட்டில் இது பிடிபடாது. 'ஹோலி ஹோலி'யில் தந்திகள் நீண்டு நிற்கும் இடங்களிலும், 'மெர்சி மெர்சி மீ' தளர்ந்து அடங்கும் முடிவிலும் கேளுங்கள். டோன்ஆர்ம் இடவலமாக ஆடுவதைக் கண்ணாலும் பார்க்கலாம்.

மூன்றாவது வளைவு. விளிம்பு லேசாக ஏறி இறங்கி, ஊசி சலனமில்லாமல் பின்தொடர்ந்தால் விட்டுவிடலாம். கார்ட்ரிட்ஜின் அடிப்பகுதி தட்டைத் தொடும் அளவுக்கு வந்தாலோ வூஃபர் (ஸ்பீக்கரின் பெரிய கூம்பு) உள்ளும் புறமும் பம்மினாலோ திருப்பிக் கொடுங்கள்.

இப்போது அந்தச் சீறலுக்கு வருவோம். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உட்பக்கம் வரும்போது அது சுமார் 21 ஆகக் குறைந்துவிடும். அதே அலை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுவதால் பொருத்தத்தில் உள்ள சின்னப் பிழையும் அங்கேதான் அம்பலமாகும். இந்த ஆல்பத்தின் துரதிர்ஷ்டம், வைல்ட் பில் மூரின் டெனர் சாக்ஸஃபோன் வரும் 'மெர்சி மெர்சி மீ' ஒரு பக்கத்தின் கடைசியிலும், 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' இன்னொரு பக்கத்தின் கடைசியிலும் இருக்கின்றன. ஆகவே முதலில் ஊசி எடையைத் தராசில் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ என்றால் 2.0 கிராம், ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். எடை குறைவாக இருந்தால் தட்டு பிழைக்கும் என்று நினைப்பது தவறு. பிடிப்பில்லாத ஊசி பள்ளத்தின் சுவரில் மோதி மோதித் தேய்க்கிறது.

அடுத்து, கார்ட்ரிட்ஜ் கோணம் பார்க்கும் சீரமைப்பு அட்டையில், நடுத்துளையிலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டர் என்ற இரு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு புள்ளியில் மட்டும் சரியாக இருந்தால் போதாது. சீறல் வலது சேனலில் மட்டும் வந்தால் ஆன்டி-ஸ்கேட் (டோன்ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை எதிர்க்கும் விசை) போதவில்லை. ஊசி உட்சுவரில் சாய்ந்து, வலது சேனல் எழுதப்பட்ட வெளிச்சுவரின் பிடியை விடுகிறது. கால் கிராம் அளவாகக் கூட்டி மறுபடி கேளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் கரகரப்பு போகவில்லை என்றால் கூம்பு வடிவ ஊசியை மாற்றி நீள்வட்ட ஊசியோ, அதைவிட நுண்ணிய மைக்ரோலைன் ஊசியோ போட வேண்டியதுதான்.

புதிய தட்டுதானே என்று கழுவாமல் போடாதீர்கள். காகித உறையின் தூள் பள்ளத்தில் இருக்கும், நிலைமின்சாரம் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கும். வாலை நீரில் ஓரிரு சொட்டு அயனியற்ற சோப்புக் கரைசல், மென்மையான தூரிகை, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பு, பிறகு வெறும் வாலை நீரால் அலசல். முழுதாகக் காய்ந்த பின் நிலைமின் தடுப்பு உள்ளுறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

அசல் வெளியீட்டைப் போலவே விரியும் அட்டை. ஜிம் ஹெண்டின் டெட்ராய்டில் எடுத்த அந்த அட்டைப் படத்தில் தலைமுடியில் தங்கிய நீர்த்துளிகளும் கறுப்பு மேலங்கியின் மடிப்புகளும் தெரிய வேண்டும். இங்கே தெரிகின்றன.

கீறலில்லாத ஆரம்பகால டாம்லா பிரதி ஏற்கனவே கையில் இருப்பவர்கள் இதை மோனோ தட்டுக்காக மட்டும் வாங்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் இறுதி ஒலிக்கலவை செய்வதற்கு முன் 1971 ஏப்ரலில் செய்த டெட்ராய்ட் கலவையைத் தேடுபவர்களுக்கு இந்தத் தொகுப்பில் அது கிடையாது. அவர்கள் 2011இல் வந்த 40ஆம் ஆண்டுப் பெட்டியில் உள்ள எல்பியைத்தான் தேட வேண்டும்.