முகம் பார்த்துப் பெயர் சொல்லும் சீட்டுக்கட்டு

பழைய ஓவியத்தில் உள்ள முகத்தைப் பார்த்து அது வரலாற்றில் யாருடையது என்று ஊகிக்கும் சீட்டு விளையாட்டு ஒன்றை வாங்கி, சில மாலைகள் வீட்டாருடன் ஆடிப் பார்த்தேன். அச்சில் குறையில்லை, 1689இல் காட்ஃப்ரி நெல்லர் தீட்டிய நியூட்டன் ஓவியத்தில், பொய்முடி அணியாத தலையிலிருந்து தோளில் புரளும் நரைமயிரின் இழைகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. எட்டாம் ஹென்றியை எல்லோரும் நொடியில் சொல்லிவிடுவதால், அத்தகைய சீட்டுகளில் சுவை குறைவுதான்.

என் மனக்குறை விடைகளில்தான். 1506இல் இறந்த கொலம்பஸுக்கு 1519ஆம் ஆண்டு பொறித்த ஓவியம் ஒன்றை, ஐயத்திற்கே இடமில்லாததுபோல் தந்திருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கணித மேதை அத்ரியன் மரி லெஜாந்தரின் சீட்டில் இருப்பதோ, நெடுங்காலம் நூல்களில் அவருடையதாகவே தவறாக அச்சிடப்பட்டுவந்த, லூயி லெஜாந்தர் என்ற பிரெஞ்சு அரசியல்வாதியின் முகம்! மேதையின் உண்மையான சாயல் 1820இல் புவாலி வரைந்த கேலிச்சித்திரத்தில்தான் கிடைக்கிறது. ஊகிப்பதையே விளையாட்டாக வைத்தவர்கள், தாங்கள் ஊகித்த இடங்களை விடைக்கையேட்டில் ஒரு வரியிலாவது குறித்திருக்க வேண்டாமா? அந்தச் சீட்டின் பின்புறம் பென்சிலால் திருத்தி எழுதிய பிறகே சீட்டுக்கட்டைப் பெட்டியில் வைத்தேன்.