பெல்ட் போட்டோ: ஆளா, ஆப்பா, நம்ம கம்ப்யூட்டரா?

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பெல்ட், பர்ஸ் எடுத்து வேலூரிலிருந்து ஆன்லைனில் விற்கிறோம். பொருள் போட்டோவில் பின்னணியை வெட்டி, அளவைச் சரிசெய்யும் வேலைக்கு இருக்கும் மூன்று வழியையும் பார்த்தாயிற்று. இப்போது ஓடுவது சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைத்த சின்ன புரோகிராம். அதனால் என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

காட்பாடியில் போட்டோஷாப் தெரிந்த தம்பி ஒருவரிடம் கொடுப்பது முதல் வழி. வேலைச் சுத்தத்துக்கு அவரை அடிக்க ஆளில்லை. படத்துக்கு இவ்வளவு என்று காசு. ஆனால் முகூர்த்த மாதம் வந்தால் கல்யாண ஆல்பத்தில் மூழ்கிவிடுவார், நம் பெல்ட் காத்துக் கிடக்கும்.

அடுத்தது மாதச் சந்தா கட்டும் ஆப். அமேசான் முதல் படத்துக்குக் கேட்கும் சுத்த வெள்ளைப் பின்னணி, படத்தின் பரப்பில் 85 சதவீதம் பொருள், எல்லாம் ஒரே கிளிக். சிக்கல், அது தானாக 'அழகாக்கும்' வேலை. டேன் கலர் (இளம் பழுப்பு) பெல்ட் செங்கல் கலருக்குப் போய்விடும். "போட்டோவில் வேற கலர்" என்று ரிட்டர்ன் வந்தால் கூரியர் காசு நம் தலையில். அந்த வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, நம்ம கம்ப்யூட்டரில் ஓடும் ஸ்கிரிப்ட். அதில் இரண்டு இலவச மென்பொருள்: ரெம்பிஜி பின்னணியை வெட்டும், இமேஜ்மேஜிக் அளவைச் சரிசெய்யும். ரெம்பிஜிக்குத் தேவையான பைத்தான் என்ற புரோகிராம் மொழியை ஏற்றி ஓடவைக்கும் வரை தலைவலிதான். பக்கிளின் உள்வளையத்தில் பின்னணி அப்படியே தங்கிவிடும், ஓரத்து வெள்ளைத் தையலைச் சில சமயம் கடித்துவிடும். அந்தப் படங்கள் மட்டும் தம்பியிடம் போகின்றன.

இத்தனை குறை இருந்தும் ஏன் இது? ஒரே காரணம், மறுபடி செய்யும் வேலை. கேட்டலாக் ஒருமுறை போட்டு முடிகிற விஷயமில்லை. இன்று வெள்ளைப் பின்னணி, நாளை சொந்த சைட்டுக்கு லேசான நிழல், அப்புறம் வேறொரு தளத்துக்குச் சதுரப் படம். ஆளிடம் போனால் ஒவ்வொரு முறையும் படத்துக்குக் காசு, ஆப்பில் கிரெடிட். ஸ்கிரிப்ட் என்றால் கேமராவில் எடுத்த ஒரிஜினல் ஒரு ஃபோல்டரில் தொடாமல் கிடக்கும். ஒரு வரியை மாற்றி இரவு ஓடவிட்டால் காலையில் மொத்தமும் தயார்.

இதற்கு ஃபைல் பெயர் ஒழுங்காக இருக்க வேண்டும். எஸ்கேயு எண் (ஒவ்வொரு பொருளுக்கும் நாம் தரும் அடையாள எண்), பிறகு கோணத்துக்கு 1, 2, 3. அந்தப் பெயரை வைத்தே ஸ்கிரிப்ட், நம் ஆன்லைன் கடை ஓடும் ஷாப்பிஃபை தளத்துக்கான சிஎஸ்வி ஃபைலையும் (பொருள் விவரங்களை மொத்தமாக ஏற்றும் அட்டவணை) எழுதிவிடும். படத்தை நேரடியாக அதில் திணிக்க முடியாது, முன்பே நெட்டில் ஏற்றி அதன் முகவரியைத்தான் தர வேண்டும். ஏற்றும்போது, பழைய பதிவின் மேல் எழுதும் டிக்கைப் போட்டால் ஜாக்கிரதை. சிஎஸ்வியில் ஒரு நெடுவரிசை (column) இருந்து அது காலியாக இருந்தால், கடையில் இருக்கும் தகவலும் காலியாகிவிடும். மாற்ற வேண்டாத நெடுவரிசையைத் தூக்கிவிடுங்கள்.

ஷூவில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆரணிப் பட்டில் சுத்தமாக இல்லை. ஜரிகை மினுக்கும் மடிப்பும் உள்ள சேலையை மெஷினிடம் விட நானே தயங்குவேன். விற்பது முப்பது நாற்பது பொருள்தான், அதுவும் அடிக்கடி மாறாது என்றால் பைத்தானோடு மல்லுக்கட்ட வேண்டாம். முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்து ஆளிடமே கொடுத்துவிடலாம்.