420 பவுண்டுக்கு ஒரு கள்ள அச்சு: சோல் ரெக்கார்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன மார்ச்சில் ஒரு சோல் இசை 45-க்கு, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டுக்கு, 420 பவுண்டு கொடுத்தேன். வீட்டுக்கு வந்தது கள்ள அச்சு, அனுமதியில்லாமல் அச்சடித்த போலி. பணம் திரும்பக் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. விற்றவர் இன்னமும் சோல் பாட்டுக்கு ஆடும் இரவுகளில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார். அவர் பெயரை இங்கே போட முடியாது. பாட்டின் பெயரைச் சொன்னாலே யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். வட இங்கிலாந்தில் இந்த இரவுகளுக்கு வருகிற தமிழர்கள் எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் இருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் ஆன்லைனில் இதே வட்டத்தில் வாங்குகிறவர்களும் உண்டு. உங்களில் ஒருவருக்காவது இந்தப் பணம் மிஞ்சட்டும்.

சோல் பக்கம் வராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1960-களில் டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற ஊர்களில் கறுப்பினப் பாடகர்களை வைத்து ஏகப்பட்ட சின்னக் கம்பெனிகள் ரெக்கார்டு போட்டன. பல கம்பெனிகள் ஒன்றிரண்டு பாட்டோடு இழுத்து மூடப்பட்டன. அங்கே ரேடியோவில் ஓடாத, கடையில் விற்காத அந்தப் பாட்டுகளைத் தேடிப்பிடித்து ஆடியவர்கள் வட இங்கிலாந்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஆடிய கிளப்புகள் மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கம் டன்ஸ்டாலில் டார்ச், அப்புறம் 1973-லிருந்து 1981 வரை விகன் கசீனோ. லண்டனில் ரெக்கார்டு கடை வைத்திருந்த டேவ் காடின் என்பவர், ஃபுட்பால் பார்க்க வந்த வடக்கத்திப் பையன்கள் புதுப் பாட்டுகளைத் தொடாமல் பழைய வேகப் பாட்டுகளையே கேட்பதைக் கவனித்து இதற்கு நார்தர்ன் சோல் என்று பெயர் வைத்தார்.

நான் முதலில் இப்படி ஓர் இரவுக்குப் போனது 2014-ல், என்னோடு மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் கூட்டிக்கொண்டு போனார். போல்டன் பக்கம் ஒரு தொழிலாளர் கிளப். மரத் தரையில் டால்கம் பவுடர் தூவியிருந்தார்கள். அறுபது வயது தாண்டிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுழன்று ஆடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆடுகிறவர் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் பாட்டோடு தனியாக இருந்தார்கள். அன்றிலிருந்து இது என் வாழ்க்கையில் ஒரு பாதி.

இதில் பணம் எங்கே வருகிறது என்றால், பாட்டு அன்றைக்குத் தோற்றதால்தான் வருகிறது. விற்காததால் குறைவாக அச்சடித்தார்கள், அதில் பாதி குப்பைக்குப் போனது. மிச்சம் இருக்கிற தட்டுகளுக்கு இன்றைக்கு நூறு பேர் காத்திருக்கிறார்கள். ஃபிராங்க் வில்சன் என்ற பாடகரின் கதை இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1965-ல் டெட்ராய்ட்டின் பெரிய ரெக்கார்டு கம்பெனியான மோட்டவுனின் துணை நிறுவனமான சோல் என்பதில் வரவேண்டிய அவருடைய 45, மாதிரிக்கு அச்சடித்த டெமோ தட்டோடு நிறுத்தப்பட்டது. அவர் பாடகராக இல்லாமல் தயாரிப்பாளராகவே இருந்துகொண்டார். தட்டுகள் அழிக்கப்பட்டன. தப்பித்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2009-ல் ஒன்று 25,000 பவுண்டுக்கு மேல் போனது, 2020-ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றது.

அந்தக் கதையில் எல்லோரும் விலையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 1970-களிலேயே அந்தப் பாட்டைக் கள்ளத்தனமாக அச்சடித்து, பாடகர் பெயரை எடி ஃபாஸ்டர் என்று மாற்றிப் போட்டு விற்றார்கள். ஆடுகிறவர்களில் பலருக்கு உண்மைப் பெயரே தெரியாது. டிஜேக்களும் தங்கள் தட்டு எது என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க லேபிள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் பொய்ப் பெயர் எழுதி வைப்பார்கள். அதை கவர் அப் என்பார்கள். அதாவது கள்ள அச்சு இந்த உலகத்துக்குப் புதிதாக வந்த நோய் இல்லை, கூடவே பிறந்தது. ஐம்பது வருடப் பழைய கள்ள அச்சுக்கு ஐம்பது வருடப் பழைய அழுக்கும் தேய்மானமும் இருக்கும். பழசாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. நான் நம்பினேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஐந்து வருடமாகத் தேடிய தட்டு 1966-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு சின்னக் கம்பெனி போட்டது. எனக்கு அதை விற்ற மனிதரை இரவுகளில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஹாலின் ஓரத்தில் மேசை, மேலே நாலு ரெக்கார்டு பெட்டி, கோட்டில் நார்தர்ன் சோல் சின்னமான முஷ்டி போட்ட பேட்ஜ். அவரிடம் முன்பு 15, 20 பவுண்டுக்கு வாங்கிய தட்டுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அதை இப்போது நினைத்தால்தான் எனக்கு உறைக்கிறது.

நான் தேடுகிறேன் என்று யார் மூலமோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் மெசேஜ் அனுப்பினார். தட்டு வீட்டில் இருக்கிறது, இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், உனக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்றார். லேபிளின் போட்டோ இரண்டு வந்தது. இரண்டு பக்கமும் லேபிள் மட்டும், நெருக்கமாக. பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் அனுப்பு, இல்லாவிட்டால் கட்டணம் பிடித்துவிடுவார்கள் என்றார். நாம் எல்லாம் சோல் குடும்பம்தானே என்றும் எழுதியிருந்தார். ராத்திரி பதினொன்றரைக்குப் பணம் அனுப்பினேன். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தின் போட்டோ ஒன்று கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டேன். 420 பவுண்டு அந்தக் கூச்சத்துக்குப் போனதுதான்.

ஒன்பது நாள் கழித்துப் பார்சல் வந்தது. உறையிலிருந்து எடுத்ததுமே கை ஏதோ சொன்னது. கொஞ்சம் வளைந்து கொடுத்தது. அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் மோனார்க் என்ற ஆலையில் அச்சடித்த 45-கள் பெரும்பாலும் வளைந்து கொடுக்கும் வினைல் பிளாஸ்டிக் கிடையாது, ஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக். ஸ்டைரீன் வளையாது. விளிம்பை நகத்தால் தட்டினால் மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டியது போல 'டிக்' என்று கேட்கும். வினைல் 'டப்' என்று மங்கலாகக் கேட்கும். என்னிடம் இருந்த வேறொரு மோனார்க் தட்டை எடுத்து முதலில் அதைத் தட்டினேன். டிக். இதைத் தட்டினேன். டப். இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை தட்டியிருப்பேன். மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

விளக்கடியில் சாய்த்துப் பிடித்து லேபிளைப் பார்த்தேன். ஸ்டைரீனில் தட்டை அச்சடித்த பிறகு லேபிளைப் பசை போட்டு ஒட்டுவார்கள், காகிதம் மேலே உட்கார்ந்திருப்பது தெரியும். வினைலில் லேபிளும் தட்டும் ஒன்றாகச் சூட்டில் அழுத்தப்படும், காகிதம் உள்ளே பதிந்திருக்கும். இதில் பதிந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எழுத்துகளின் ஓரம் ஊறின மாதிரி இருந்தது. அசல் லேபிளைப் படம் பிடித்து அதிலிருந்து அச்சடித்தால் அப்படித்தான் வரும்.

அப்புறம் வெற்று வளையம். மோனார்க் தட்டில் அங்கே ஒரு வட்டத்துக்குள் எம், ஆர் என்று இயந்திர முத்திரை இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணமும் அதோடு ஓர் எண்ணும் கீறியிருக்கும், அது ஆலையின் வேலை எண். இதில் முக்கோணமும் எண்ணும் இருந்தன. முத்திரைக்குப் பதிலாக, யாரோ கையால் ஒரு வட்டம் கீறி உள்ளே இரண்டு எழுத்தையும் கீறியிருந்தார்கள். வட்டம் சேரவேண்டிய இடத்தில் சேராமல் ஒரு கோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாகத்தான் ஓடவிட்டேன். பாட்டு ஆரம்பித்து இருபது நொடியில் இரண்டு 'டக்'. மறுபடி வைத்தேன், அதே இடத்தில் அதே இரண்டு 'டக்'. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு கீறலும் இல்லை, பளபளவென்று இருக்கிறது. அந்தச் சத்தம் இந்தத் தட்டில் இல்லை. இந்தத் தட்டை உருவாக்க எவனோ ஓடவிட்ட வேறொரு பழைய தட்டில் இருந்த கீறல் அது. இதோடு எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. என்னை முதன்முதலில் கூட்டிப்போன பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் வாங்கி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார்.

விற்றவரிடம் மரியாதையாகவே எழுதினேன். போட்டோக்களையும் அனுப்பினேன். முதலில் மூன்று நாள் பதில் இல்லை. அப்புறம், நான் முப்பது வருடமாக விற்கிறேன், என்மேல் இதுவரை ஒரு புகார் கிடையாது என்றார். அடுத்த மெசேஜில், ஒருவேளை அது வேறு ஆலையில் அச்சடித்ததாக இருக்கலாம் என்றார். இதை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரே பாட்டை இரண்டு ஆலைகளில், ஒன்றில் ஸ்டைரீனிலும் இன்னொன்றில் வினைலிலும் அச்சடித்தது உண்டு. கையால் கீறிய எழுத்து இருந்தாலே போலி என்பதும் கிடையாது, நிறைய அசல் தட்டுகளில் கைக்கீறல்தான் இருக்கும். ஆனால் வேறு ஆலை அச்சடித்த தட்டில் மோனார்க் முத்திரையை ஒருவர் கையால் ஏன் வரையவேண்டும்? இதைக் கேட்டதும், நீயே தட்டை மாற்றிவிட்டு என்னை ஏமாற்றப் பார்க்கிறாய் என்று எழுதினார். அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பேபாலில் கேட்டேன். நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது, அது அவர்கள் விதியிலேயே தெளிவாக இருக்கிறது. பொருளுக்கான வழியில் அனுப்பியிருந்தால், சொன்னபடி பொருள் இல்லை என்று வழக்குத் திறந்திருக்கலாம். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம், தனி ஆள் விற்றாலும் பொருள் சொன்ன விவரப்படி இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் வழக்குப் போட எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். எனக்குத் தெரிந்தது எல்லோரும் அவரைக் கூப்பிடும் பட்டப்பெயரும் என்னை பிளாக் செய்த ஒரு போன் நம்பரும். பார்சலின் பின்னால் அனுப்பியவர் முகவரி எழுதவே இல்லை. பத்து வருடமாகப் பார்த்துச் சிரித்துக் கை குலுக்கிய மனிதரின் முழுப் பெயர் எனக்குத் தெரியாது.

ஆகவே, பெரிய விலைக்கு வாங்கும்போது இரண்டு பக்கத்தின் வெற்று வளையத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாக விற்கிறவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். எனக்குத் தெரிந்த நல்ல வியாபாரிகள் கேட்காமலே அனுப்புகிறார்கள். அந்தப் பாட்டின் அசல் எந்த ஆலையில், எதில் அச்சடிக்கப்பட்டது என்று முன்னமே விசாரித்து வையுங்கள், ஏனென்றால் எல்லாத் தட்டுக்கும் பொருந்துகிற ஒரே அடையாளம் கிடையாது. டெட்ராய்ட் பக்கத்துத் தட்டு என்றால் மிச்சிகனில் ஓவாஸோ என்ற ஊரில் இருந்த ஆலையின் ஏ ஆர் பி முத்திரையை எதிர்பார்க்கலாம், கலிஃபோர்னியா என்றால் வேறு. பணத்தைப் பொருளுக்கான வழியில் மட்டும் அனுப்புங்கள், கட்டணம் நானே தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அந்தத் தட்டு உங்களுக்கு வேண்டாம். நேரில் வாங்கினால் கையோடு ஓடவிட்டுக் கேளுங்கள். முழுப் பெயரையும் முகவரியையும் எழுதி வாங்குங்கள்.

சில நண்பர்கள், 20 பவுண்டுக்குப் போலி என்று சொல்லியே விற்றுவிடு, கொஞ்சமாவது திரும்பி வரும் என்றார்கள். வாங்குகிறவர் அடுத்தவரிடம் அதைச் சொல்வாரா என்ன? இரண்டு லேபிளிலும் அழியாத பேனாவால் பெரிதாகக் 'கள்ள அச்சு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டேன். இதே லாஸ் ஏஞ்சலீஸ் 45-ஐ சமீபத்தில் யாராவது வாங்கியிருந்தால், வளையத்தில் அந்த வட்டம் சேராமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். என் தட்டின் போட்டோக்கள் ஆறு இருக்கின்றன, அனுப்புகிறேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் அந்த இரவை நடத்துகிறவர்களிடம் ஒன்றாகப் போய்ப் பேசலாம்.