பெல்லட் டின் ஒன்று சொல்கிறது, தராசு வேறு சொல்கிறது

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழக ஆரம்பித்து ஒன்பது மாதம். இரண்டு மாதமாக ஸ்கோர் நகரவே இல்லை. குறை கையிலா, பெல்லட்டிலா (ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) என்று பார்த்துவிடலாம் என்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 1,800 ரூபாய்க்கு ஒரு மில்லிகிராம் தராசு வாங்கினேன். பெயர் தெரியாத சீன மாடல்தான்.

பயிற்சிக்கு வாங்கியிருந்த மலிவு டின்னின் மூடியில் 0.53 கிராம், அதாவது 8.2 கிரெய்ன் என்று போட்டிருந்தது. இருபது பெல்லட்டை ஒவ்வொன்றாக நிறுத்தால் 0.50 முதல் 0.56 வரை வருகிறது. தராசு மேல் சந்தேகம் வந்து, நகரத்பேட்டையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். "ஃபேனை நிறுத்திட்டுத்தானே எடை போட்டே?" என்றார். நிறுத்தவில்லை! அணைத்துவிட்டு, அவருடைய எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்து, மறுபடி போட்டோம். 0.51 முதல் 0.55. தராசு சரி, டின்தான் தாராளம். அதே எடை போட்ட மேட்ச் டின்னில், அதாவது போட்டிக்கான தரத்தில், வித்தியாசம் சில மில்லிகிராம்தான்.

ஆனால் எடை பாதிக் கதைதான். பெல்லட்டின் தலை விட்டம் 4.49, 4.50 மி.மீ. என்று தனித்தனியாக வரும், எது நல்லது என்று வீடியோவுக்கு வீடியோ சத்தியம் செய்கிறார்கள். கோச் சொன்னபடி ரைஃபிளை மேசையில் இறுக்கிவைத்து ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்ததில், எல்லாரும் புகழ்ந்த 4.50-ஐ விட 4.49 தான் என் குழலில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுந்தது. உங்கள் குழலுக்கு மாறலாம். இந்தக் குறிபலகையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் 2.5 மி.மீ. தான் இடைவெளி, ஆகவே இது சின்ன விஷயமில்லை.

அப்புறம், கடைகளில் மலிவு ரைஃபிள் பெட்டி மேல் விநாடிக்கு 1000 அடி என்று கொட்டை எழுத்தில் இருக்குமே, அது பெரும்பாலும் ஈயமில்லாத எடை குறைந்த பெல்லட்டைப் போட்டு எடுத்த கணக்கு, சாதாரண ஈய பெல்லட் போட்டால் வேகம் நன்றாகவே இறங்கும். மேட்ச் ரைஃபிளே விநாடிக்குச் சுமார் 170 மீட்டர்தான், அதாவது ஏறக்குறைய 560 அடி.

தராசுக்கு ஐந்துக்கு நாலு. கொஞ்சம் யோசித்துக்கொண்டு நின்றால் தானே அணைந்துவிடுகிறது, அதற்குத்தான் ஒன்று கழித்தேன். அம்மா ஏலக்காய் நிறுக்கக் கேட்டார். ஈயம் பட்ட தட்டு, கொடுக்கவில்லை.