தொழில் மாறப் போகிறவர்களுக்கு: வளரும் துறைகளில் எதன் முதல் படி உண்மையில் திறந்திருக்கிறது?

வளரும் துறை எது என்று தேடினால் எல்லாப் பட்டியலிலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான் வரும்: சோலார், சைபர் செக்யூரிட்டி, டேட்டா, மருத்துவம், மின்வாகனம். பட்டியலில் தவறு இல்லை. அது சொல்வது துறையின் மொத்த வளர்ச்சியை. முப்பத்தைந்து, நாற்பது வயதில் கையிலிருக்கும் வேலையை விட்டுப் படிக்கப் போகிறவருக்கு வேறு விவரம் வேண்டும். அனுபவமே இல்லாத ஒருவரை அந்தத் துறை எந்த வேலைக்கு எடுக்கிறது? அந்த வேலைகள் பெருகுகின்றனவா, சுருங்குகின்றனவா? முதல் சம்பளம் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும்? பழைய தொழிலில் கற்றதில் எவ்வளவு கூடவே வரும்?

ஒரு துறை வேகமாக வளரும்போதே அதன் கீழ்ப்படி சுருங்குவது உண்டு. ஆகவே இங்கே துறைகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒரே ஆள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் எது மேல் என்று பார்க்கிறோம்.

கைவேலை பிடித்தவருக்கு: சோலாரா, குளிரூட்டலா?

உலகில் நிறுவப்பட்ட சூரிய மின்திறன் 2022இல் 1 டெராவாட்டை (ஒரு லட்சம் கோடி வாட்) தாண்டியது. நுழைவதும் சுலபம். வயரிங் தெரிந்தவர் சில வாரப் பயிற்சியில் உதவியாளராகச் சேரலாம். மின்வேலையே தெரியாதவருக்கு மூன்று முதல் ஆறு மாதம் போதும். ஆரம்பத்தில் கிடைக்கும் வேலை கூரையில் பேனலைத் தாங்கும் சட்டம் பொருத்துவது, 20 முதல் 30 கிலோ எடையுள்ள பேனல்களை மேலே ஏற்றுவது, கேபிள் இழுப்பது. இதற்கு உடம்பு வேண்டும், உயரத்துக்கு அஞ்சாத மனம் வேண்டும், பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றாத ஒழுக்கம் வேண்டும்.

உதவியாளர் நிலையிலிருந்து மேலே போக வைப்பது கணக்கு. ஒரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது சுமை எதுவும் இணைக்காதபோது உள்ள மின்னழுத்தம், 25 டிகிரி செல்சியஸில் 49.5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 19 பேனல்களைத் தொடராக இணைத்தால் 940.5 வோல்ட். பேனலின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 1,000 வோல்ட் என்றால் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் குளிர் கூடக் கூட பேனலின் மின்னழுத்தம் ஏறும். டிகிரிக்கு 0.28 சதவீதம் என்றால், உறைநிலைக்கு இறங்கும் ஒரு விடியற்காலையில் 7 சதவீதம் கூடி 1,006 வோல்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டர் பழுதாகலாம், உத்தரவாதமும் போகலாம். இந்தக் கணக்கைத் தானே போடத் தெரிந்தவருக்கும் பேனல் தூக்குபவருக்கும் சம்பள வித்தியாசம் பெரிது.

சோலார் அமைப்பில் நெருப்புப் பிடிப்பதற்குக் கேபிள் இணைப்பிகள் ஒரு முக்கியக் காரணம். ஒரு கம்பெனியின் ஆண் முனையை வேறு கம்பெனியின் பெண் முனையில் செருகினால் பொருந்தியதுபோல் இருக்கும். உள்ளே தொடுபரப்பு குறைந்து சூடேறும். முனையை அழுத்திப் பொருத்தும் சரியான கிரிம்பிங் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனையும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை, பொறி தொடர்ந்து எரியும். சுமை ஓடும்போது இணைப்பியைப் பிடுங்கக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருவது இதனால்தான்.

சோலாரின் பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை. நிறுவல் வேலை அரசுக் கொள்கையோடு ஏறி இறங்கும். 2008இல் உலகின் மிகப் பெரிய சோலார் சந்தையாக இருந்தது ஸ்பெயின். அரசு கட்டணத்தைக் குறைத்து வரம்பு விதித்ததும் 2009இல் புதிய நிறுவல் மிகச் சிறிய அளவுக்குச் சரிந்தது. துறை உலக அளவில் வளர்ந்துகொண்டே இருந்தது. அந்த ஓர் இடத்து ஆட்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எனவே சோலாருக்குப் போகிறவர் நிறுவலோடு நிற்காமல் பராமரிப்பையும் கற்க வேண்டும்: காப்புத்தடைச் சோதனை, மின்னோட்ட–மின்னழுத்த வளைவு எடுப்பது, வெப்பக் கேமராவில் சூடான செல்லைக் கண்டுபிடிப்பது. பேனலுக்கு 25 ஆண்டுச் செயல்திறன் உத்தரவாதம் என்பது வழக்கம். இன்வெர்ட்டர் அதில் பாதிக் காலம் போல்தான் தாங்கும். புதிய நிறுவல் நின்ற ஊரிலும் இந்த வேலை இருக்கும், ஆட்கள் மட்டும் குறைவாகத் தேவைப்படுவார்கள்.

குளிரூட்டல் துறை வளரும் துறைப் பட்டியல்களில் அபூர்வமாகவே வருகிறது. வர வேண்டும். உலகில் ஏறக்குறைய 160 கோடியாக இருந்த ஏசிகள் 2050இல் 560 கோடியாகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் கணித்தது. பழுதான ஏசிக்கும் குளிர்க்கிடங்குக்கும் அன்றைக்கே ஆள் தேவை. மானியம் வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை.

புதியவருக்கு இன்னொரு சாதகமும் இருக்கிறது. புவியை வெப்பமாக்கும் குளிர்பதன வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ஏற்கப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த கிகாலி திருத்தம் என்ற சர்வதேச உடன்பாட்டால் குளிர்பதன வாயுக்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், புவி வெப்பமாக்கும் திறன் ஆர்-410ஏ வாயுவுக்கு 2,088, ஆர்-32 வாயுவுக்கு 675. ஆர்-290 என்ற புரொப்பேனுக்கு மிகமிகக் குறைவு. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். இருபது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக்கும் இந்த வாயுவைக் கையாளப் புதிதாகக் கற்றாக வேண்டும். பழைய பழக்கம் இல்லாத புதியவர் சில இடங்களில் அவரைவிட வேகமாகத் தேறுவார்.

பயிற்சிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு, பிறகு மூத்தவர் ஒருவரோடு ஓரிரு ஆண்டு. தரமான பயிற்சியா என்று அறிய மூன்று செயல்களைப் பாருங்கள். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே மெல்ல நைட்ரஜன் ஓட விடுகிறார்களா? விடாவிட்டால் உட்புறம் கருப்பாக ஆக்சைடு படிந்து, பின்னால் உதிர்ந்து, விரிவு வால்வை அடைக்கும். கசிவுச் சோதனையை நைட்ரஜனில் செய்கிறார்களா? ஆக்சிஜனைச் செலுத்தினால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும், உயிர் போகும். வெற்றிட பம்பை நேரம் பார்த்து நிறுத்துகிறார்களா, அளவியில் 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வந்ததும் பம்பைத் தனிமைப்படுத்திப் பார்க்கிறார்களா? அளவு சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. அரை மணி நேரம் ஓட்டினால் போதும் என்று சொல்லித் தரும் இடத்தில் சேர வேண்டாம்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் எங்கள் தீர்ப்பு குளிரூட்டல். கற்கக் கூடுதல் நாளாகும், ஆனால் வருமானம் சீராக வரும். குளிரூட்டல் கற்றவர் பின்னால் சோலாரைச் சேர்த்துக்கொள்வது எளிது, மின்வேலை இரண்டுக்கும் பொது.

மின்வாகன சர்வீஸைப் பற்றிச் சுருக்கமாக: 2024இல் உலகில் 1.7 கோடிக்கும் மேல் மின்கார்கள் விற்றன, புதிய கார்களில் ஐந்தில் ஒன்று. ஆனால் இன்ஜின் ஆயில் இல்லை, அசையும் பாகங்கள் குறைவு, மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடும் நெடுநாள் வரும். ஒரு வண்டிக்கான சர்வீஸ் வேலை பெட்ரோல் வண்டியைவிடக் குறைவு. ஏற்கெனவே மெக்கானிக்காகவோ எலெக்ட்ரீஷியனாகவோ இருப்பவருக்கு இது நல்ல கூடுதல் பயிற்சி. வெளியிலிருந்து புதிதாக வருபவருக்கு முதல் தேர்வாக நாங்கள் சொல்லமாட்டோம். பேட்டரி 400 அல்லது 800 வோல்ட். பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றியபின் கெப்பாசிட்டர் வடியத் தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்து, பிறகு வண்டியில் சுழி வருகிறதா என்று பார்த்து, மறுபடி முதல் இடத்தில் சோதிக்க வேண்டும். செத்த மீட்டரும் சுழியைத்தான் காட்டும்.

திரை முன் அமர விரும்புபவருக்கு: சைபரா, டேட்டாவா?

உலகில் சைபர் பாதுகாப்புக்கு ஏறக்குறைய 40 லட்சம் பேர் பற்றாக்குறை என்று, அந்தத் துறையில் சான்றிதழ் தரும் ஐஎஸ்சி2 அமைப்பின் 2023 ஆய்வு கூறியது. பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் அடிக்கடி அடிபடும் எண் இது. அது காலிப் பணியிடங்களின் எண்ணிக்கை அல்ல. நிறுவனங்களைப் பாதுகாக்க இன்னும் எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்ற மதிப்பீடு. தட்டுப்பாடு கூடுதலாக இருப்பது அனுபவசாலிகளுக்கு. அதே அமைப்பின் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். பட்டம் இருந்தால் ஓராண்டு கழியும். காம்ப்டியா என்ற வேறு அமைப்பின் தொடக்கநிலையான செக்யூரிட்டி பிளஸ் தேர்வு 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. படித்தால் தேறிவிடலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களோ ஏராளம்.

முதல் வேலை பெரும்பாலும் கண்காணிப்பு மையத்தில், சுழற்சி நேரத்தில், எச்சரிக்கைகளைத் தரம் பிரிப்பது. விண்டோஸ் பதிவில் 4625 என்றால் தோல்வியுற்ற உள்நுழைவு, 4624 என்றால் வெற்றி. ஒரே கணக்கில் நூற்றுக்கணக்கில் 4625 வந்து, கடைசியில் ஒரு 4624 வந்தால் கடவுச்சொல்லை யாரோ உடைத்திருக்கலாம். 4624 வரவே இல்லை, அது மனிதர் அல்லாமல் மென்பொருள் பயன்படுத்தும் சர்வீஸ் கணக்கு என்றால், கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிரலில் மாற்ற மறந்திருக்கலாம். பல கணக்குகளில் ஒவ்வொன்றிலும் ஓரிரு தோல்வி, எல்லாம் ஒரே முகவரியிலிருந்து என்றால் ஒரே கடவுச்சொல்லை எல்லோர் மீதும் முயல்கிறார்கள். இப்படிப் பிரித்தறியும் முதல்நிலை வேலையைத்தான் இப்போது தானியங்கி மென்பொருள்கள் எடுத்துக்கொள்கின்றன. துறை வளரும்போதே கீழ்ப்படி சுருங்குவது என்று சொன்னது இதை.

ஆகவே நேர்வழியைவிடச் சுற்றுவழி நல்லது. ஹெல்ப் டெஸ்க், நெட்வொர்க், சர்வர் பராமரிப்பு இவற்றில் ஓரிரு ஆண்டு இருந்துவிட்டுப் போகிறவர் நிலைக்கிறார். கணக்கியல், தணிக்கை, சட்டம், தரக்கட்டுப்பாடு பின்னணி உள்ளவருக்கு வேறொரு கதவு உண்டு: விதிமுறை இணக்கம். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 தரநிலையின் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். அவற்றுக்குச் சான்று திரட்டி, இடைவெளியை எழுதி, பொறுப்பாளரைத் துரத்தி முடிக்க வைக்கும் வேலைக்குத் தணிக்கைப் பழக்கம் அப்படியே பயன்படும்.

டேட்டா அனாலிசிஸ் கற்க நான்கு முதல் ஆறு மாதம், மாலை நேரத்திலேயே முடியும்: எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் மொழி), விரிதாள், ஒரு டாஷ்போர்டு கருவி, அடிப்படைப் புள்ளியியல். அதனாலேயே கூட்டம் அதிகம், வினவல் எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவே வரைவாகத் தந்துவிடுகிறது. தராதது ஒன்று உண்டு. 1,000 மதிப்புள்ள ஓர் ஆர்டரில் மூன்று பொருள் வரிகள் இருந்தால், இரண்டு அட்டவணைகளை இணைத்து ஆர்டர் தொகையைக் கூட்டும்போது 3,000 வரும். பிழைச்செய்தி எதுவும் வராது, அறிக்கை அழகாக வெளிவரும். இந்த மாதம் இவ்வளவு விற்றிருக்கவே முடியாது என்று கிடங்கில் பத்தாண்டு இருந்தவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஆதலால் டேட்டாவைத் தனித் தொழிலாக எண்ணி வேலையை விடாதீர்கள். இருக்கும் துறையின் மேல் ஒரு திறனாக ஏற்றிக்கொண்டு, அதே துறைக்குள் இடம் மாறுங்கள். சைபரைப் பொறுத்தவரை, கணினித் துறைக்கு வெளியிலிருந்து வருபவர் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவம்: நீண்ட வழியா, குறுக்கு வழியா?

2030இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதைக் கடந்திருப்பார். 2050இல் அவர்கள் 210 கோடி. மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை 2030இல் ஒரு கோடியைத் தாண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இந்தத் தேவை எந்தக் கொள்கை மாற்றத்தாலும் மறையாது. இங்கே சிக்கல் வாசலில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டு, 4,600 மணி நேரம்; அதில் பாதியாவது நோயாளிகளோடு. மற்ற இடங்களிலும் மூன்று நான்கு ஆண்டுகள் என்பதே பொது. அந்த வார்டு மணிகளை மாலை வகுப்பில் முடிக்க முடியாது. பலர் இடையில் நிற்பது இதனால்தான்: கட்டணத்தைக் கணக்கிட்டிருப்பார்கள், வார்டுப் பயிற்சி மாதங்களில் சம்பளம் நின்றுபோவதைக் கணக்கிட்டிருக்கமாட்டார்கள். இரவுப் பணியும், நோயாளியைத் தூக்கி முதுகு பிடிப்பதும் சேரும்.

ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ் ஆகிய துணைப் பணிகள் ஒன்று முதல் மூன்று ஆண்டில் முடியும். நாற்பதை நெருங்குபவருக்கு இவை செவிலியத்தைவிடப் பொருந்தலாம். முதியோர் பராமரிப்பில் சில வாரங்களிலேயே வேலை கிடைக்கும், ஊதியம் குறைவு, மேலே படிகள் இல்லை. அந்தச் சான்றிதழின் மணிகளைச் செவிலியர் படிப்பில் கழித்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கழிப்பார்கள் என்றால் அது நல்ல தொடக்கம்.

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம்

நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள வேலை விளம்பரங்கள் நாற்பதைச் சேகரியுங்கள். ஒரே பணியிடத்தைப் பல ஏஜென்சிகள் போட்டிருக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தை ஓராண்டுக்குக் குறைவான அனுபவம், ஒன்று முதல் மூன்று, அதற்கு மேல் என்று பிரியுங்கள். முதல் குவியலில் கால்வாசிகூட இல்லை என்றால் அந்தத் துறைக்கு நேராகப் போகாமல் பக்கவழி தேடுங்கள். எந்தச் சான்றிதழ், எந்தக் கருவியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சேரப்போகும் பாடத்திட்டத்தில் அது இல்லாவிட்டால் பாடத்திட்டம் பழையது.

செலவைக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். பயிற்சி மாதங்களின் வீட்டுச் செலவு, பயிற்சிக் காலத்தில் பாதியை வேலை தேடும் காலமாக வைத்து அதன் செலவு, புதிய வேலையில் முதல் இரண்டு ஆண்டு குறையப்போகும் சம்பளம், மூன்றையும் கூட்டுங்கள். ஆறு மாதப் பயிற்சி என்றால் ஒன்பது மாதம் வருமானம் இல்லாமல் தாங்க வேண்டும்.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியவை: ஒரு கருவிக்கு எத்தனை மாணவர், கையால் செய்யும் மணி நேரம் எவ்வளவு, சான்றிதழை உரிமம் தரும் அமைப்பு ஏற்கிறதா, வேலை பெற்றோர் சதவீதம் சேர்ந்தவர்களில் எடுத்ததா முடித்தவர்களில் எடுத்ததா, அவர்கள் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள். பதிலை எழுத்தில் தர மறுத்தால் முன்பணம் கட்ட வேண்டாம்.