அட்பி-2, அட்பி-40: புது ஜீனை எந்த ஈயில் போடலாம்?

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் ஜீன் கட்டுமானம் (ஈக்குள் செலுத்தத் தயாரித்த டிஎன்ஏ) கையில் வந்ததும் கேட்பது இதைத்தான். அட்பி-2, அட்பி-40 இரண்டும் புது ஜீன் போய் உட்காரக் குறித்த இடம் உள்ள பழ ஈ ரகங்கள். இரண்டையும் வைத்து வேலை செய்கிறவள் நான். முதலில் அட்பி-2, தேவைப்பட்டால் மட்டும் அட்பி-40 என்பேன்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சந்தேகப்படுபவர்களுக்கு மரபியலாளர் முல்லரின் ஈயைக் காட்டுவேன். 1930இல் அவர் எக்ஸ் கதிர் அடித்துப் பெற்ற ஈ அது. கண்ணுக்குச் சிவப்பைத் தரும் ஒயிட் ஜீனில் எந்தப் பழுதும் கிடையாது. குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியதில், அந்த ஜீன் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) பக்கத்து இறுகிய பகுதிக்கு அருகே போய்விட்டது. அவ்வளவுதான், ஒரே கண்ணில் சிவப்புத் திட்டும் வெள்ளைத் திட்டும் கலந்து தெரியும். குளிரில் வளர்த்தால் வெள்ளை கூடும்.

1982இல் ரூபினும் ஸ்ப்ராட்லிங்கும் பி-எலிமென்ட் என்ற தாவும் டிஎன்ஏ துண்டு மூலம் ஜீனைச் செலுத்தும் வழியைக் கண்டார்கள். மகத்தான வேலை. ஆனால் ஜீன் போய் உட்காரும் இடம் நம் கையில் இல்லை. கண் நிற ஜீனை அடையாளமாகக் கொண்ட அதே கட்டுமானம் ஒரு குப்பி ஈக்களில் வெளிர்மஞ்சள் கண், அடுத்ததில் ஆரஞ்சு, இன்னொன்றில் அடர்சிவப்பு என்று வரும். எதை நம்பி ஒப்பிடுவது?

அட்பி ஈக்கள் இந்தத் தொல்லையைத் தீர்க்கின்றன. பை-சி-31 இன்டகிரேஸ் என்ற நொதி ஜீனை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அட்பி-2இன் இடம் மூன்றாம் குரோமோசோம் வரைபடத்தில் 68ஏ4, அட்பி-40இன் இடம் இரண்டாம் குரோமோசோமில் 25சி6. இரண்டுமே ஈ ரகங்களை வளர்த்து அனுப்பும் அமெரிக்காவின் புளூமிங்டன் ஸ்டாக் சென்டரில் கிடைக்கின்றன. 25709, 25710 எண்ணுள்ள ஸ்டாக்குகளில் இன்டகிரேஸும் உள்ளேயே இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இவற்றின் கண் வெர்மிலியன் என்ற கண் நிற ஜீனின் குறைபாட்டால் பளிச்சென்ற சிவப்பு. வெர்மிலியன் அடையாளமுள்ள கட்டுமானம் உள்ளே போனால் இயல்பான அடர்சிவப்புக்கு மாறும். மினி-ஒயிட் (சுருக்கிய ஒயிட் ஜீன்) அடையாளத்தோடு அனுப்பினால், ஒயிட் ஜீன் ஏற்கெனவே இருப்பதால் எதுவுமே தெரியாது. அதற்கு வெள்ளைக்கண் ரகம் தனியாக வாங்க வேண்டும். ஜீன் சேர்ந்த ஈ கிடைத்த பிறகு இன்டகிரேஸை கிராஸ் போட்டு வெளியேற்றிவிடுங்கள்.

2008இல் 20 இடங்களை ஒப்பிட்டுப் பார்த்து அட்பி-40ஐத் தேர்ந்தெடுத்தார்கள். தூண்டினால் நன்றாக வெளிப்படும், தூண்டாதபோது கசிவு குறைவு. அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அது உட்கார்ந்திருப்பது எம்.எஸ்.பி-300 ஜீனுக்குள். தசை இழைகளில் உட்கருக்களை இடைவெளி விட்டு நிறுத்துவது அந்த ஜீன்தான். இரண்டு பிரதியிலும் அட்பி-40 உள்ள லார்வாக்களின் தசையில் உட்கருக்கள் கூட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. 2022இல் இதை வெளியிட்டார்கள். தசையையோ நரம்பு-தசை இணைப்பையோ ஆராய்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. நாம் போட்ட ஜீனின் விளைவு என்று நினைத்தது அந்த இடத்தின் விளைவாக இருந்துவிடலாம்.

எனவே கால்4 (நாம் போட்ட ஜீனைத் தூண்டிவிடும் ஜீன்) மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது, அதனால் நம் ஜீனுக்கு இரண்டாவதுதான் வசதி என்றால் அட்பி-40 எடுங்கள், ஒரே பிரதியில். ஒப்பீட்டுக்கு ஜீன் எதுவும் சேர்க்காத அட்பி-40 ஈயையே அதே கால்4 ஓடு கிராஸ் போடுங்கள். சாதாரண வெள்ளைக்கண் ஈ போதாது. மற்ற எல்லாவற்றுக்கும் அட்பி-2 தாராளம்.