ஸ்பீடிங் ஃபைன் வராம இருக்கணும்னா ஸ்டியரிங்ல இருக்குற லிமிட்டர் பட்டனை யூஸ் பண்ணுங்க

கேமரா வருதுன்னு கத்துற ஆப், ரேடார் டிடெக்டர்னு என்னென்னமோ தேடுறாங்க, ஆனா ஃபைன் வராம இருக்க உருப்படியா உதவுற விஷயம் நிறைய கார்ல ஏற்கனவே இருக்கு, பாதி பேர் அதைத் தொட்டுக்கூட பாக்கறதில்ல. ஸ்பீட் லிமிட்டர். பட்டன்ல "லிம்"னு எழுதியிருக்கும், இல்லன்னா மீட்டர் படமும் அம்புக்குறியும் இருக்கும். நான் தினமும் யூஸ் பண்றேன், அதான் கொஞ்சம் விரிவா எழுதறேன்.

இதுவும் க்ரூஸ் கன்ட்ரோலும் ஒண்ணு இல்ல. க்ரூஸ்ல காலை எடுத்தாலும் வண்டி அதே ஸ்பீடுல போகும். லிமிட்டர்ல ஓட்டறது நீங்கதான், மிதிச்சாதான் போகும், ஆனா 50ன்னு செட் பண்ணிட்டா 50ஐ தொட்டதும் பெடல் சும்மா கீழ போகும், வண்டி ஏறாது. ஆரம்பத்துல ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும், மீட்டரையே பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல, கண்ணு ரோட்டுமேல இருக்கு, எனக்கு இதுல பெரிய லாபமே அதுதான். அவசரத்துக்கு பெடலை கடைசி வரைக்கும் அழுத்தினா பெரும்பாலான கார்ல லிமிட்டர் விட்டுக்கொடுத்துடும், அதனால மாட்டிக்குவோம்னு பயப்பட வேணாம்.

குறைன்னா இறக்கம்தான். நிறைய கார்ல இது இன்ஜின் பவரை மட்டும்தான் குறைக்கும், பிரேக் போடாது. நல்ல இறக்கத்துல வண்டி தானா லிமிட்டை தாண்டிடும், பீப் அடிக்கும், அவ்ளோதான். கியரை குறைக்கறதோ பிரேக் பிடிக்கறதோ நம்ம வேலை.

ஸ்பீட் லிமிட் போர்டை கேமராவால படிச்சோ மேப்ல பாத்தோ, லிமிட்டை தாண்டினா சொல்ற சிஸ்டமும் இப்ப வந்துடுச்சு, 2024 ஜூலையில இருந்து ஐரோப்பிய யூனியன்ல புதுசா பதிவாகுற கார் எல்லாத்துலயும் இது கட்டாயம். நல்ல விஷயம்தான், ஆனா பக்கத்து சர்வீஸ் ரோடு போர்டை படிச்சு குழப்பும், மரக்கிளை மறைச்ச போர்டை விட்டுடும். அதனால நம்பரை நானே செட் பண்றதுதான் எனக்கு பிடிச்சிருக்கு.

எந்த நம்பர் செட் பண்றதுன்னு கேட்டா, போர்டுல என்ன இருக்கோ அதே. கார் மீட்டர் நிஜ ஸ்பீடை விட கொஞ்சம் கூட காட்டலாம், குறைச்சு காட்டக்கூடாதுன்னு ஐ.நா. வாகன விதிமுறையே இருக்கு, ஜிபிஎஸ்ல பாத்தா கொஞ்சம் கம்மியா தெரியறது அதனாலதான். அந்த வித்தியாசத்தை கணக்கு பண்ணி கூட்டி வச்சு ஓட்டாதீங்க. முக்கியமா, கம்பெனி சைஸை விட பெரிய டயர் மாட்டியிருந்தா கணக்கே தலைகீழ், மீட்டர் கம்மியா காட்ட சான்ஸ் இருக்கு.

ஆப் பக்கம் வருவோம். வேஸ், கூகுள் மேப்ஸ் ரெண்டுமே ஸ்பீடு காட்டும், தாண்டினா சொல்லும், லிமிட்டர் இல்லாத பழைய வண்டிக்கு இதுவே போதும், டனல்ல மட்டும் நம்பாதீங்க. கேமரா வார்னிங்கை நம்பி ஓட்டறது வேற கதை. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்துல ஓட்டறப்ப அந்த வார்னிங் யூஸ் பண்றதே தப்பு, அதுக்கே தனியா ஃபைன். ஆவரேஜ் ஸ்பீட் கேமரா இருக்குற ரோட்டுல அது வேலைக்கே ஆகாது, ரெண்டு கேமராவுக்கு நடுவுல எவ்ளோ நேரத்துல வந்தீங்கன்னுதான் பாக்கும். 60 லிமிட், 5 கிலோமீட்டர் தூரம், 4 நிமிஷத்துல முடிச்சா ஆவரேஜ் 75, கேமரா கிட்ட பிரேக் அடிச்சு என்ன பிரயோஜனம். இங்க லிமிட்டர் போட்டவன் நிம்மதியா போயிடுவான்.

லேட் ஆகும்னு சொல்றவங்களுக்கு: 10 கிலோமீட்டரை 80க்கு பதிலா 90ல போனா மிச்சமாகறது 50 செகண்டு. அதுக்கு ஃபைன் கட்டறது ரொம்ப ஓவர்.

என் ரேட்டிங் 5க்கு நாலரை, அரை மார்க் அந்த இறக்கத்துக்கு போச்சு. புது வண்டி பாக்கறவங்க டெஸ்ட் டிரைவ்ல ஒரு இறக்கத்துல லிமிட்டர் போட்டு பாருங்க, வண்டியை பிடிக்குதா இல்ல பீப் மட்டும் அடிக்குதான்னு அங்கயே தெரிஞ்சிடும்.